டவாங்கிலிருந்து கல்கத்தா: வண்டியை நிறுத்திவிட்டு நடந்த நாட்கள்

வெள்ளி இரவு

மோட்டார் சைக்கிளில் கல்கத்தா வந்து சேர்ந்தாச்சு. அருணாச்சலப் பிரதேசத்தில் டவாங் போகும் வழியில், சேலா கணவாயின் 13,700 அடி உயரத்தில் கையுறைக்குள் விரல் மரத்துப் போனதெல்லாம் எப்போதோ நடந்த மாதிரி இருக்கிறது. இந்த ஊர் கடல் மட்டத்துக்குச் சுமார் 30 அடி மேலேதான் இருக்கிறது. இனி இறங்குவதற்கு இடமில்லை.

இங்கிருந்து 16-ம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் சென்னைக்கே நேராகப் போய்விடலாம், ஏன் வண்டியை ரயிலில் ஏற்றித் திரும்புகிறாய் என்று நண்பர்கள் கேட்டார்கள். கிளம்பும் முன்பே எடுத்த முடிவு இது. நீண்ட பயணத்தை வீட்டு வாசலில் கொண்டுபோய் முடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. அப்படிச் செய்தால் ஹெல்மெட்டைக் கழற்றின மறுநிமிடமே கேஸ் சிலிண்டரும் கரண்ட் பில்லும் வந்துவிடும். உடம்பு வீட்டில் இருக்கும், மனசு இன்னும் ஏதோ ஒரு மலை வளைவில் கியரைக் குறைத்துக்கொண்டு இருக்கும். நடுவில் சில நாட்கள் வேண்டும். அதுவும் ஒரு பெரிய ஊரில், யாரும் நம்மைக் கண்டுகொள்ளாத ஊரில், நடந்தே சுற்ற வேண்டும். எனக்குக் கல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் தோன்றவில்லை. பெயர் கொல்கத்தா என்று மாறி 2001-லிருந்து இத்தனை வருஷம் ஆனாலும், பழக்கத்தில் கல்கத்தா என்றே எழுதுகிறேன்.

உண்மையில் நேற்று ஃபராக்காவிலேயே இந்த ஊர் தொடங்கிவிட்டது. கங்கைக்குக் குறுக்கே இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் தடுப்பணை அது. மேலே ரோடும் ரயில் பாதையும் போகின்றன. 1975-ல் அது இயங்கத் தொடங்கியதே கல்கத்தா துறைமுகத்துக்காகத்தான். கல்கத்தா வழியாக ஓடும் ஹூக்ளி ஆற்றில் வண்டல் சேர்ந்து கப்பல் வர முடியாமல் போனதால், கங்கைத் தண்ணீரில் ஒரு பங்கைக் கால்வாய் வெட்டி இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஓர் ஊருக்காக இங்கே ஆற்றையே திருப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது, அந்த ஊரைப் பார்க்கும் ஆவல் இன்னும் கூடியது.

இன்று காலை பஹரம்பூரில் கிளம்பும்போது கடும் பனி. ஹெட்லைட் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. பனி விலக விலக இரண்டு பக்கமும் ஈச்ச மரங்கள். ஒரு மரத்தடியில் நிறுத்தினேன். மரத்தின் கழுத்துப் பகுதியைச் சீவி, அந்த வெட்டில் மூங்கில் குச்சி ஒன்றைச் செருகி, கீழே மண்பானை கட்டியிருந்தார்கள். ராத்திரி முழுக்கச் சொட்டின சாறு பானையில் பாதிக்கு இருந்தது. இறக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தார். நம் பதநீரைவிட லேசாக இருக்கிறது, சுண்ணாம்பு வாசனை இல்லை, பல் கூசும் குளிர்ச்சி. வெயில் ஏறினால் புளித்துவிடுமாம். இதைக் காய்ச்சினால்தான் வங்காளிகள் குளிர்காலம் முழுக்கக் கொண்டாடும் நோலன் குர் வெல்லம்.

பலாசியிலும் சிறிது நேரம் நின்றேன். 1757 ஜூன் 23 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைவ் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவைத் தோற்கடித்த இடம். இப்போது ஒரு நினைவுத்தூண், சுற்றிலும் வயல்.

கிருஷ்ணாநகர் தாண்டியதும் நெரிசல் தொடங்கியது. பாராசாத், விமான நிலையம், வி.ஐ.பி. ரோடு, உல்டாடாங்கா. தங்கியிருக்கும் லாட்ஜ் பார்க் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில், உள்ளே முற்றம் இருக்கிறது, வண்டியை அங்கே விட்டுக்கொள்ளலாம் என்றார்கள். மாலை ஐந்து மணிக்கு முன்னாலேயே சூரியன் மறைந்துவிட்டது. குளித்ததும் தூக்கம் வந்துவிடும் என்று நினைத்தேன், வரவில்லை. காதில் இன்னும் எஞ்சின் ஓடுகிறது.

சனி இரவு

இன்றைக்கு முழுக்க வண்டிக்குத்தான். இவ்வளவு தூரம் சுமந்து வந்ததைச் சேறும் சகதியுமாக ரயிலில் ஏற்ற மனசு வரவில்லை.

முதலில் டிராம் தண்டவாளம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கு இது முக்கியம். தண்டவாளம் தார் ரோட்டோடு சமமாகப் பதிந்திருக்கிறது, நடுவில் பள்ளமான கோடு. காலைப் பனியில் நனைந்திருந்தால் டயர் வழுக்கும். தண்டவாளத்துக்கு இணையாக ஓட்டிக்கொண்டே சாய்வாகக் கடந்தால் முன் சக்கரம் அந்தக் கோட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலை நேராக்கி, முடிந்தவரை குறுக்காகவே கடக்க வேண்டும், தண்டவாளத்தின் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது. இன்னொன்று, இங்கே சில ஒருவழிப் பாதைகள் காலையில் ஒரு திசையிலும் மதியத்துக்கு மேல் எதிர்த்திசையிலும் போகின்றன. காலையில் போன வழியே சாயங்காலம் திரும்பும்போது இருக்காது. வெள்ளை யூனிஃபார்ம் போட்ட போலீஸ்காரரைக் கேட்டுவிடுவது நல்லது. டி.என். நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் பொறுமையாகவே சொன்னார்கள்.

மல்லிக் பஜார் பக்கம் வரிசையாக உதிரி பாகக் கடைகள், நடைபாதையிலேயே மெக்கானிக்குகள். கிளட்ச் ஒயர் இரண்டு இழை விட்டிருந்தது மலையிலேயே தெரியும். மாற்று ஒயரைப் பழையதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் வந்தேன், அது நம் பக்கத்து மெக்கானிக் சொல்லிக்கொடுத்த பழக்கம், நடுவழியில் அறுந்தாலும் இரண்டு முனையையும் மாட்டினால் போதும். இங்கே உட்கார்ந்த மெக்கானிக்குக்கு அறுபது வயதிருக்கும். செயின் கவரைக் கழற்றினதும் பின் ஸ்பிராக்கெட்டைத் தடவிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். பற்கள் எல்லாம் ஒரு பக்கமாகக் கொக்கி போல வளைந்து கூர்ந்திருந்தன. "எவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று இந்தியில் கேட்டார். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல், டவாங் வரை போனேன் என்றதும் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கடைப் பையன்களையும் கூப்பிட்டு அந்தப் பற்களைக் காட்டினார். செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், புதுச் செயினைத் தேய்ந்த பல்லில் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும் என்றார். சரி, அதை ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்து, கிளட்ச் ஒயரை மட்டும் மாற்றினோம். ரயிலுக்குப் போகிற வண்டிக்குச் செயினை இறுக்கினால் போதும்.

பிரேக் பேடுக்குள் அடைத்திருந்த சேறு சிவப்பும் சாம்பலுமாக இரண்டு அடுக்காக இருந்தது. சிவப்பு அஸ்ஸாமில் ஒட்டியது, சாம்பல் அதற்கும் மேலே மலையில். தண்ணீர் அடித்ததும் இரண்டும் சேர்ந்து சாக்கடையில் போயின. மனசு கொஞ்சம் கனத்தது.

வண்டியை முற்றத்தில் விட்டு உறை போட்டாச்சு. ஸ்டேஷனுக்குப் போகும்வரை சாவியைத் தொடுவதில்லை.

ஞாயிறு

விடியும் முன் எழுந்து டிரெட்டி பஜாருக்கு நடந்தேன். இருநூறு வருஷத்துக்கும் மேலாகச் சீனர்கள் வாழும் நகரம் இது. இப்போது எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது, இருந்தும் இந்தத் தெருவில் காலை ஆறு மணிக்கு அலுமினியப் பாத்திரங்களில் ஆவி பறக்கிறது. மீன் உருண்டை சூப், பன்றி இறைச்சி அடைத்த பாவ், மோமோ. எட்டரைக்கெல்லாம் காலியாகிவிடும். சீனப் பாட்டி ஒருவர் வங்காளியில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து படா பஜார் பக்கம் நடந்தால் சில தெருக்களுக்குள் உலகமே இருக்கிறது. ஆர்மீனியர்களின் நாசரேத் தேவாலயம், 1724-ல் கட்டியது. யூதர்களின் மேகன் டேவிட் ஜெப ஆலயம், 1884. நாகோதா மசூதியும் நடந்து போகும் தூரம்தான். ஜெப ஆலயத்தின் தரை செக்கர் போட்ட பளிங்கு, கண்ணாடி ஜன்னல் வழியே நீலமும் சிவப்பும் அதன் மேல் விழுகிறது. வழிபட வருவதற்கு யூதர்கள் அநேகமாக ஊரில் இல்லை. பல தலைமுறையாக அதைப் பார்த்துக்கொள்பவர்கள் முஸ்லிம் குடும்பத்தினர். பளிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைத் தலையில் ஏதாவது போட்டுக்கொள்ளச் சொன்னார். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு பெஞ்சாகத் துடைத்துக்கொண்டு போனார், அவசரமே இல்லாமல். இதை வண்டியில் வந்திருந்தால் வெளிச்சுவரைக் கூடப் பார்த்திருக்க மாட்டேன். படா பஜாரில் வண்டி ஓட்டுகிறவன் முன்னால் போகிற கைவண்டியின் பின்பக்கத்தை மட்டும்தான் பார்ப்பான்.

அப்புறம் ஹவுரா பாலத்துக்குக் கீழே மல்லிக் காட் பூச்சந்தை. சாமந்தி மாலைகளைப் பெரிய சுருளாகச் சுற்றித் தலையிலும் தோளிலும் சுமந்து கொண்டு ஆட்கள் ஓடுகிறார்கள், மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூக்களுக்கு நடுவில் முகம் மட்டும் தெரிகிறது. படிக்கட்டு முழுக்க மிதிபட்ட இதழ். நம் ஊர்ப் பூச்சந்தையில் மூக்கைத் துளைக்கும் மல்லி மணம் இங்கே இல்லை, சாமந்தியும் சம்பங்கியும் ஆற்றுச் சேறும் கலந்த வேறு ஒரு வாசனை.

படியில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தினால் பாலத்தின் அடிவயிறு. 1943 பிப்ரவரியில் திறந்தார்கள். போர்க்காலம், ஜப்பான் விமானங்கள் குண்டு போடும் பயம், அதனால் விழா எதுவும் இல்லை. முதலில் கடந்தது ஒரு டிராம் என்கிறார்கள். 26,500 டன் இரும்பு, அதில் 23,000 டன் டாடா ஆலையில் வார்த்தது. ஆற்றுக்குள் ஒரு தூண் கூட இல்லை, இரண்டு கரையிலிருந்தும் நீண்டு வந்து நடுவில் சேர்கிறது. போல்ட், நட்டு எதுவும் கிடையாது, எல்லாம் ரிவெட். மேலே ஆயிரக்கணக்கான கால்கள் நடப்பது கீழே ஒரு மெல்லிய அதிர்வாக வருகிறது. கையைத் தூணில் வைத்துப் பார்த்தேன், நன்றாகத் தெரிந்தது. பீடாவைத் துப்பித் துப்பியே தொங்குகம்பிகளின் அடிப்பாகம் அரித்துப் போனதால், துறைமுக நிர்வாகம் அவற்றுக்கு ஃபைபர் உறை போட்டிருக்கிறது.

மாலையில் ஹவுராவிலிருந்து ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோவில் எஸ்பிளனேட் வந்தேன். 2024 மார்ச்சில் திறந்தது. ஆற்றின் கீழே 520 மீட்டர் சுரங்கம், முக்கால் நிமிஷத்தில் கடந்துவிடுகிறது. அந்த இடத்தில் சுரங்கச் சுவரில் நீல விளக்கு வைத்திருக்கிறார்கள், குழந்தைகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொள்கிறார்கள். இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் ஓடியதும் இங்கேதான், 1984 அக்டோபர் 24 அன்று, இதே எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை.

திங்கள்

அருங்காட்சியகம், விக்டோரியா மெமோரியல் எல்லாவற்றுக்கும் திங்கள் விடுமுறை. அதனால் டிராம் ஏறினேன்.

எஸ்பிளனேடிலிருந்து ஷியாம்பஜார் போகும் வண்டி. ஒருகாலத்தில் நகரம் முழுக்க ஓடியது இப்போது ஒன்றிரண்டு வழித்தடமாகச் சுருங்கியிருக்கிறது. சிறு தூரத்தைப் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப் போவதாக 2024-ல் மாநில அரசு அறிவித்தது, உயர் நீதிமன்றத்தில் வழக்கும் நடக்கிறது. 1873-ல் குதிரை இழுத்த டிராம், 1902-லிருந்து மின்சாரம். நம் சென்னையில் அதற்கும் முன்பே 1895-ல் மின்சார டிராம் ஓடியது, 1953-ல் நிறுத்திவிட்டோம். அதனால்தானோ என்னவோ, இதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு தவிப்பு. இதை நிறுத்தக் கூடாது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்கிறார்கள், நான் பார்த்தவரை டிராமுக்குக் குறுக்கே நின்றவைதான் மற்ற வண்டிகள்.

ஓட்டுநர் நின்றுகொண்டே ஓட்டுகிறார். இடது கையில் பித்தளைக் கைப்பிடி, காலுக்குக் கீழே மணி. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு 'டிங்'. மரப் பெஞ்ச், கம்பி போட்ட ஜன்னல், நடக்கிறவர்களைவிடக் கொஞ்சம்தான் வேகம். ஒரு கடைப் பலகையை முழுக்கப் படித்து முடித்த பிறகே அடுத்தது வருகிறது.

இந்த வேகத்தில்தான் விஞ்ஞானி சி.வி. ராமன் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கிறார். 1907-ல், 18 வயதில், நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தவர் அவர். அலுவலகத்துக்கு டிராமில் போய்வரும் வழியில், பௌபஜார் தெரு 210-ம் எண் கட்டடத்தில் 'இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்' என்ற பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-ல் தொடங்கிய நிறுவனம். அப்போது ஆராய்ச்சி ஏதும் பெரிதாக நடக்காமல் கிடந்தது. ராமன் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். அதற்கப்புறம் அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அங்கேயே கிடந்தார். 1928 பிப்ரவரி 28, ராமன் விளைவு. 1930-ல் நோபல். கூடவே உழைத்தவர் கே.எஸ். கிருஷ்ணன்.

டிராம் பௌபஜார் முனையைக் கடக்கும்போது எழுந்து நின்றுகொண்டேன். பக்கத்தில் இருந்தவர் நான் இறங்கப் போகிறேன் என்று நினைத்து வழிவிட்டார். தினமும் அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர் ஊராகத் தாண்டி வந்திருக்கிறேன். அந்த வேகத்தில் மலை தெரியும், ஆறு தெரியும், வானம் தெரியும். ஒரு பெயர்ப்பலகை தெரியாது.

காலேஜ் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் இரண்டு பக்கமும் புத்தகக் கடைகள். பிளைவுட் பெட்டி போன்ற கடைகளில் கூரை வரை அடுக்கியிருக்கிறார்கள், கடைக்காரர் புத்தகங்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தலைப்பைச் சொன்னால் எழுந்திருக்காமலே கையை நீட்டி எடுக்கிறார். இல்லையென்றால் நாலு கடை தள்ளி ஒரு பையனை அனுப்புகிறார். 1817-ல் தொடங்கிய இந்துக் கல்லூரி, இன்றைய பிரெசிடென்சி, ஒரு பக்கம். 1857-ல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு அதே ஆண்டில் பிறந்த கல்கத்தாப் பல்கலைக்கழகம் இன்னொரு பக்கம். காபி ஹவுஸில் மேல் மாடியிலிருந்து பார்த்தால் கீழே மேசைக்கு மேசை விவாதம். விசிறி வைத்த தலைப்பாகையோடு பரிமாறுகிறவர்கள் யாரையும் எழுப்புவதில்லை. ஒரு காபியோடு இரண்டு மணி நேரம் இருந்தேன், ஆர்டர் எடுத்தவர் ஒருமுறை கூட பில் நீட்டவில்லை.

மதியத்துக்கு மேல், பூஜைச் சிலைகள் செய்யும் குமார்துலி. துர்க்கை, காளி பூஜைகள் எல்லாம் முடிந்து, சரஸ்வதிக்கு வேலை ஆரம்பிக்கும் நேரம். குறுகின சந்துகளில் தலையில்லாத வைக்கோல் உடம்புகள் வரிசையாக நிற்கின்றன. மூங்கில் சட்டம், அதன் மேல் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிச் சுற்றி உருவம் கொண்டுவருகிறார்கள். ஒருவர் வீணை பிடிக்கும் கையை வளைத்துக் கொண்டிருந்தார். வைக்கோலை ஈரப்படுத்தி, முழங்கையில் மடக்கி, கயிற்றின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போடுகிறார். அப்புறம் உமி கலந்த பிசுபிசுப்பான களிமண், காய்ந்ததும் வெடிப்புகளின் மேல் மெல்லிய மண், துணி ஒட்டி மறுபடி மண், கடைசியில் வண்ணம். விரல்களைத் தனியாக அச்சில் வார்த்து ஒட்டுகிறார்கள். பின் சுவர் ஓரமாகப் பலகையில் விரல்கள் மட்டும் நூற்றுக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்தன. இத்தனை உழைப்பும் பூஜை முடிந்ததும் ஆற்றில் கரைவதற்கு. மண் வந்ததும் அதே ஆற்றிலிருந்துதான். 2021 டிசம்பரில் கல்கத்தாவின் துர்கா பூஜையை யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அங்கிருந்து படித்துறைக்கு நடந்து ஹவுரா போகும் படகில் ஏறிக்கொண்டேன். ஃபராக்காவில் திருப்பிவிட்ட தண்ணீர் இதோ கீழே போகிறது.

செவ்வாய்

காலையில் இந்திய அருங்காட்சியகம். 1814-ல் தொடங்கியது, நாட்டிலேயே மிகப் பழையது. எல்லாவற்றையும் பார்க்க முயலவில்லை. பார்ஹுத் அறையில் மட்டும் நெடுநேரம் இருந்தேன். கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் பௌத்தத் தூபியைச் சுற்றியிருந்த சிவப்புக் கல் வேலி. 1873-ல் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் கண்டெடுத்துக் கொண்டுவந்தது. ஜாதகக் கதைகளைச் செதுக்கி, பக்கத்திலேயே பிராமி எழுத்தில் பெயரும் பொறித்திருக்கிறார்கள். பிராமியில் 'க' என்பது வெறும் கூட்டல் குறிதான், பழந்தமிழை எழுதின தமிழி எழுத்திலும் அப்படியேதான். ஒரு வட்டச் சிற்பத்தின் விளிம்பில் அந்தக் கூட்டல் குறியைக் கண்டுபிடித்ததும் உடம்பு சிலிர்த்தது. மற்ற எழுத்துகளைத் தேடிக் கொண்டே வேலியின் நீளத்துக்கும் நடந்தேன்.

விக்டோரியா மெமோரியலை வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டேன். மக்ரானா பளிங்கு, 1921-ல் திறந்தது, பிரமாண்டம். மனசில் ஒட்டவில்லை.

ஒட்டியது சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம். 1767-ல் தொடங்கியது. பாசி படிந்த கூம்புகளும் மண்டபங்களும் மரங்களுக்கு நடுவே தெருத் தெருவாக நிற்கின்றன. ஆசியக் கழகத்தை 1784-ல் நிறுவிய வில்லியம் ஜோன்ஸுக்கு இருப்பதிலேயே உயரமான கூம்பு. சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற ராணுவ அதிகாரிக்குக் கோயில் வடிவத்தில் கல்லறை. தினமும் கங்கையில் குளித்து, சாமி கும்பிட்டு வாழ்ந்ததால் 'இந்து ஸ்டூவர்ட்' என்றே அவருக்குப் பெயர். மற்றபடி இருபது இருபத்தைந்து வயதைத் தாண்டாத பெயர்கள். காய்ச்சலும் காலராவும் கொண்டுபோனவர்கள். கப்பலில் மாதக்கணக்கில் வந்து, ஒரு மழைக்காலம் தாங்காமல் போயிருக்கிறார்கள். கைக்குழந்தைகளின் கல்லறைகளைப் படித்துக்கொண்டே போனதில் ஒரு கட்டத்துக்கு மேல் முடியவில்லை, வெளியே வந்து மண்குவளையில் டீ குடித்தேன்.

இரவு வரை தெருத்தெருவாக நடந்தேன். கை ரிக்‌ஷா இழுக்கிறவரின் மணி, மஞ்சள் அம்பாசிடர் டாக்சி. அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது, வண்டிகளுக்கு 15 வருஷக் கெடு வேறு. இன்னும் கொஞ்ச காலம்தான் தெருவில் பார்க்க முடியும்.

புதன், ஹவுரா ஸ்டேஷன்

காலையில் லேக் மார்க்கெட் போனேன். பல தலைமுறைக்கு முன் வேலைக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் குடியிருக்கும் பகுதி. காய்கறிக் கடையில் முருங்கைக்காயும் வாழைப்பூவும், ஒரு கடையில் காபிக்கொட்டை அரைக்கும் வாசனை. வரிசையில் முன்னால் நின்ற மாமி நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டுத் திரும்பினார். மோட்டார் சைக்கிளில் வந்த கதையைச் சொன்னதும், "தனியாவா? அம்மா எப்படிப்பா விட்டா?" என்றார். தினமும் ராத்திரி போன் பண்ணிடுவேன் மாமி என்றேன். "அது போறாது" என்று சொல்லிவிட்டு, வழியில் சாப்பிட என்று பையிலிருந்து இரண்டு ஆரஞ்சை எடுத்துக் கையில் திணித்தார்.

மத்தியானம் வண்டியை எடுத்தேன். ஹவுரா பாலத்தை வண்டியில் கடப்பது இதுதான். பஸ்ஸுக்கும் சுமைக்காரர்களுக்கும் நடுவே முதல் கியரிலேயே போனேன். வேகமாகப் போக வழி இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

பார்சல் அலுவலக நடைமுறையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். அதே ரயிலில் டிக்கெட் இருந்தால் வண்டியை லக்கேஜாகப் போடலாம், நாம் வரும் வண்டியிலேயே அதுவும் வரும். டிக்கெட் இல்லாவிட்டால் பார்சல், அது எப்போது ஏறும் என்பது இடத்தைப் பொறுத்தது. ஆர்.சி. புக் நகல், அடையாள அட்டை நகல், இன்சூரன்ஸ் நகலும் வைத்துக்கொள்வது நல்லது. ரயில் கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்கக் கூடாது, டியூப் போட்டு உறிஞ்சி எடுப்பதோடு, கார்பரேட்டர் வண்டியாக இருந்தால் அதையும் வடித்துவிட வேண்டும். அப்புறம் பேக்கிங். அதற்கென்றே வெளியே ஆட்கள் இருக்கிறார்கள், கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

என் வண்டியைக் கட்டியவருக்கு முப்பது வயதிருக்கும். கண்ணாடிகளைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். டேங்க் மேல் அட்டை, அதன் மேல் வைக்கோல், ஹேண்டில்பாருக்கும் இண்டிகேட்டருக்கும் தனித்தனியாக வைக்கோல் சுற்று, எல்லாவற்றுக்கும் மேல் சாக்கு. கோணி ஊசியில் சணலைக் கோத்து விறுவிறுவென்று தைத்தார். கயிற்றைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டபோது, குமார்துலியில் நின்ற உடம்புகளில் ஒன்றாகவே என் புல்லட் தெரிந்தது. கடைசியில் ஓர் அட்டையில் ரயில் எண், பெயர், போன் நம்பர், ஹவுராவிலிருந்து சென்னை சென்ட்ரல் என்று பெரிதாக எழுதி முன்னும் பின்னும் கட்டினார். வண்டியின் உடம்பிலேயே ஒரு இடத்தில் மார்க்கரில் எழுதிவைக்கவும் சொன்னார், அட்டை பிய்ந்து போனாலும் அது இருக்கும்.

எடை போட்டு, ரசீது வாங்கி, பிளாட்பாரத்துக்குத் தள்ளுவண்டியில் போகும்வரை கூடவே நடந்தேன். சென்னை மெயில் நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்புகிறது. நாளை முழுக்க ரயில், அதற்கடுத்த நாள் விடிவதற்குள் சென்ட்ரல். கைவசம் இரண்டு கண்ணாடி, ஹெல்மெட், காலேஜ் ஸ்ட்ரீட்டில் வாங்கின பழைய வரைபடப் புத்தகம், ஒரு சட்டி நோலன் குர் சந்தேஷ் இனிப்பு. சென்ட்ரலில் இறங்கியதும் ரசீதைக் காட்டி வண்டியை எடுத்து, சாக்கைக் கிழித்து, கண்ணாடிகளை மாட்டி, பெட்ரோல் பங்க் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். பாட்டிலில் பெட்ரோல் தர மாட்டார்கள்.